ரீசெட் போடும் முன் அக்கவுண்ட் யாருடையது என்று கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் போன் குறிப்புகள் பகுதியில், போன் மந்தமானால் பேக்கப் எடுத்துவிட்டு ஃபேக்டரி ரீசெட் போடுங்கள், புதுசு போல ஓடும் என்று ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள். பேக்கப் என்றால் போனில் இருப்பதற்கு வேறிடத்தில் ஒரு நகல். ஃபேக்டரி ரீசெட் என்றால் போனில் இருப்பதை எல்லாம் அழித்து, வாங்கிய அன்றைய நிலைக்குக் கொண்டுபோவது. நான் ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஜெராக்ஸ், பிரின்ட் அவுட், ரீசார்ஜ் கடை நடத்துகிறவள். ரீசெட் போட்டுவிட்டுத் தவிப்பவர்கள் எங்கள் பகுதியில் அடுத்து வந்து நிற்பது என்னைப் போன்றவர்களின் கடை வாசலில்தான். அந்த பேக்கப் யாருடைய அக்கவுண்டில் போய்ச் சேருகிறது என்று யாரும் கேட்பதில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

வடசென்னையில் எத்தனையோ பேருடைய போனில் இருக்கும் ஜிமெயில், போன் வாங்கிய அன்று கடைப் பையன் போட்டுக் கொடுத்தது. வாங்கியவர் பெயருக்குப் பின்னால் சில எண்களைச் சேர்த்து ஒரு ஐடி, அந்த நேரத்தில் அவனுக்குத் தோன்றிய பாஸ்வேர்டு, ஓடிபி வருவதற்கு அவனுடைய மொபைல் நம்பர். வாட்ஸ்ஆப் இறங்கிவிட்டால் வேலை முடிந்தது. வாங்கியவருக்குத் தன் பெயரில் ஒரு ஜிமெயில் இருப்பதே தெரியாது.

காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து மெஸ்களுக்குக் கொடுக்கும் அக்கா ஒருவர் எனக்குப் பல வருடப் பழக்கம். எழுதப் படிக்க வராது, கையெழுத்து மட்டும் போடுவார். கணக்கில் ஒரு ரூபாய் பிசகாது. விடியற்காலை ஏலம் முடிந்து கூடையை ஆட்டோவில் ஏற்றியதும், வாட்ஸ்ஆப்பில் தன் நம்பருக்கே வாய்ஸ் மெசேஜ் போட்டு வைப்பார். இன்ன மெஸ்ஸுக்கு வஞ்சிரம் இவ்வளவு, இன்னாருக்கு இறால் இவ்வளவு, பழைய பாக்கி இவ்வளவு. யாராவது பணம் கொடுத்தால் அந்த மெசேஜை அழித்துவிடுவார். அழியாமல் நிற்பதெல்லாம் வர வேண்டிய பணம். இதைவிடத் தெளிவான கடன் கணக்கை நான் எந்த நோட்டிலும் பார்த்ததில்லை.

போன் ஹேங் ஆக ஆரம்பித்ததும் ஒரு சர்வீஸ் கவுண்டரில் கொடுத்தார். மெமரி ஃபுல், க்ளீன் பண்ணித் தருகிறோம் என்று சொல்லி ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். தாள் முழுக்க ஆங்கிலம். தகவல் அழிந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல என்று பொடி எழுத்தில் இருந்ததை, அன்று சாயங்காலம் அவர் என்னிடம் கொண்டுவந்தபோது நான்தான் படித்துச் சொன்னேன். பேக்கப் இருக்கிறதா என்று கேட்டார்களா என்றேன். “கேட்டான் கண்ணு. எனக்கு இன்னா தெரியும்? வாங்கச் சொல்லவே அந்தப் பையன் எல்லாம் போட்டுத்தானே குடுத்தான்னு, ஆமான்னுட்டேன்” என்றார்.

ரீசெட் முடிந்து திறந்தால், போன் பழைய கூகுள் அக்கவுண்டின் பாஸ்வேர்டைக் கேட்டு அப்படியே நின்றது. இது கோளாறு இல்லை. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 முதல் இருக்கும் திருட்டுத் தடுப்பு. பட்டன்களை அழுத்திப் பிடித்து ரீசெட் போட்டால், முன்பு அதில் இருந்த அக்கவுண்டைக் கொடுத்தால்தான் போன் திறக்கும். திருடனைத் தடுப்பதற்காக வைத்த பூட்டு. பாஸ்வேர்டு தெரியாத உரிமையாளரையும் அது வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. ஐடி போட்ட பையன் கடையை விட்டே போய்விட்டான்.

வாங்கிய பில்லைத் தேடி எடுத்து, அலைந்து, போனைத் திறந்தாகிவிட்டது. கணக்கு வரவில்லை. கூகுளில் போய்ச் சேர்ந்த வாட்ஸ்ஆப் பேக்கப்பை இறக்க, எடுத்தபோது இருந்த அதே கூகுள் அக்கவுண்டும் வேண்டும், அதே போன் நம்பரும் வேண்டும். நம்பர் இருந்தது, அக்கவுண்ட் இல்லை. பிறருக்கு அனுப்பிய மெசேஜாக இருந்தால் அவர்கள் போனிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம். தனக்குத் தானே அனுப்பியது வேறு யாரிடமும் இருக்காது. ஒரு மெஸ்காரர் தன் நோட்டைப் பார்த்து நேர்மையாகக் கொடுத்துவிட்டார். கல்யாண ஆர்டருக்கு மீன் எடுத்தவர், ‘எப்பவோ செட்டில் பண்ணிட்டேனே’ என்கிறார். இல்லை என்று காட்ட அக்காவிடம் ஒன்றும் இல்லை.

அதனால், பேக்கப் பற்றி எழுதுகிற யாரும் முதலில் எழுத வேண்டியது இதைத்தான். போன் நன்றாக ஓடும்போதே செட்டிங்ஸில் கூகுள் பகுதியைத் திறந்து, அங்கே தெரியும் ஜிமெயிலை ஒரு தாளில் எழுதுங்கள். பாஸ்வேர்டு சரிதானா என்று வேறொரு போனில் போட்டுப் பாருங்கள். தெரியாது என்றால், அக்கவுண்ட் உள்ளே இருக்கும்போதே ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்று கொடுத்து மாற்றப் பெரும்பாலும் வழி உண்டு. ரீசெட்டுக்குப் பிறகு அந்த வழி மிகவும் குறுகிவிடும். பாஸ்வேர்டு மறந்தால் ஓடிபி வரும் மீட்பு நம்பராகக் கடைக்காரர் நம்பர் இருந்தால் எடுத்துவிட்டு உங்களுடையதைச் சேருங்கள். பாஸ்வேர்டு மாற்றிய கையோடு ரீசெட் போடாதீர்கள். 24 மணி நேரம் பொறுக்கச் சொல்வது கூகுள்தான்.

அடுத்தது, பேக்கப் ஆன் என்று இருந்தால் எல்லாம் பத்திரம் என்ற நம்பிக்கை. எஸ்எம்எஸ், கால் ஹிஸ்டரி, ஆப்கள், போன் அமைப்புகள் ஒரு வழியாகப் போகின்றன. போட்டோக்கள் கூகுள் போட்டோஸ் வழியாகத் தனியாகப் போகின்றன. அதிலும் கேமராவில் எடுத்தவை மட்டும்தான் தானாகப் போகும், வாட்ஸ்ஆப்பில் வந்த படங்களின் ஃபோல்டரை நாமே ஆன் செய்ய வேண்டும். வாட்ஸ்ஆப் பேக்கப்பை வாட்ஸ்ஆப்புக்கு உள்ளே போய்த்தான் எடுக்க வேண்டும். டவுன்லோட் ஃபோல்டர் இதில் தானாகச் சேரும் என்று நம்ப முடியாது. என் கடைக்கு வருகிறவர்கள் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பிள்ளைகளின் ஹால் டிக்கெட் எல்லாவற்றையும் திறந்து காட்டுவது அந்த ஃபோல்டரிலிருந்துதான். கான்டாக்ட்களையும், கூகுளில் சேமிக்காமல் போனில் மட்டும் சேமித்திருந்தால் நம்ப முடியாது.

இலவசமாகக் கிடைக்கும் இடம் மொத்தம் 15 ஜிபி. ஜிமெயில், கூகுளில் ஃபைல்களைச் சேமிக்கும் டிரைவ், 2021 ஜூன் முதல் ஏற்றிய போட்டோக்கள் எல்லாம் அதற்குள்தான். 2024-இல் ஆண்ட்ராய்டின் வாட்ஸ்ஆப் பேக்கப்பும் அதற்குள் வந்துவிட்டது. காலை வணக்கப் படங்களும் கோயில் திருவிழா வீடியோக்களும் நிரம்பியதும் பேக்கப் நின்றுபோகும். வரும் அறிவிப்பைத் தள்ளிவிட்டுப் போகிறோம். வாட்ஸ்ஆப்பில் சாட் பேக்கப் பக்கத்தைத் திறந்தால் கடைசியாக எடுத்த தேதி இருக்கும். அந்தத் தேதியைப் பார்க்காமல் போனை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

இடம் இல்லாதவர்களுக்கு நான் செய்து கொடுப்பது ஓடிஜி பென்டிரைவ், அதாவது போனிலேயே நேராகச் செருகும் பென்டிரைவ். வாட்ஸ்ஆப்பில் பேக்கப் பட்டனை ஒருமுறை அழுத்திவிட்டு, ‘ஆண்ட்ராய்டு’ ஃபோல்டருக்குள் ‘மீடியா’, அதற்குள் வாட்ஸ்ஆப் பெயரில் இருக்கும் ஃபோல்டரை முழுதாக எடுத்துக்கொள்வேன். ரீசெட்டுக்குப் பின், வாட்ஸ்ஆப்பை ஏற்றும் முன்பே அதை அதே இடத்தில் வைத்தால், நம்பர் சரிபார்த்ததும் பழையதை மீட்கவா என்று கேட்கும். அங்கே அவசரத்தில் ‘ஸ்கிப்’ அழுத்திவிட்டால் ஆப்பை நீக்கி மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். டவுன்லோட் ஃபோல்டரும் போட்டோக்களும் அதே பென்டிரைவில் போகும். அழிக்கும் முன் அதை வேறு போனில் செருகி, நாலைந்து ஃபைலைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது கையில் காசு புழங்காது. டிஸ்பிளே உடைந்த போன், ‘தடை முடியட்டும், சரி பண்ணலாம்’ என்று பெட்டிக்குள் போய்விடும். ஆனால் 57 நாள் பயன்படுத்தாமல் கிடந்த போனின் ஆண்ட்ராய்டு பேக்கப்பை கூகுள் அழித்துவிடலாம். தடை முடிவதற்குள்ளேயே கெடு முடிந்துவிடுகிறது. கூகுள் போட்டோஸில் ஏறிய படங்களுக்கு இந்தக் கெடு இல்லை. மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் தடைக்கால நிவாரணத்துக்கு விவரம் வாங்கும்போது இதையும் ஒரு வார்த்தை சொன்னால் எத்தனையோ குடும்பத்துக்கு உதவும்.

ரீசெட் போட்ட போனிலிருந்து சாஃப்ட்வேர் வைத்து எடுத்துத் தருகிறோம் என்று பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கொடுக்காதீர்கள். 2019-இல் ஆண்ட்ராய்டு 10 வந்ததிலிருந்து, அதோடு விற்பனைக்கு வரும் போன்களில் தகவல்கள் எல்லாம், சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி சங்கேதமாக்கித்தான் சேமிக்கப்படுகின்றன. ரீசெட்டில் அதன் சாவியே அழிந்துவிடுகிறது. போனுக்குள்ளிருந்து மீட்க ஒன்றும் மிச்சமில்லை. மெமரி கார்டில் இருந்தவை, அந்தக் கார்டை போனின் உள் மெமரியோடு சேர்க்காமல் வைத்திருந்தால், பெரும்பாலும் தப்பும்.

பணத்துக்குப் பயப்பட வேண்டாம். ஜிபே, போன்பே பணம் வங்கிக் கணக்கில்தான் இருக்கிறது. சிம் போட்டு மறுபடி பதிவு செய்தால் போதும். அரசின் ஆவண ஆப்பான டிஜிலாக்கரில் இருக்கும் ஆவணங்களும் நம்பர் இருந்தால் திரும்பக் கிடைக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் போன் நனைந்து போனவர்களில் டிஜிலாக்கர் வைத்திருந்தவர்கள் தப்பித்ததைக் கண்ணால் பார்த்தேன்.

சர்வீஸ் சென்டர் நடத்துபவர்களிடமும் போன் விற்பவர்களிடமும் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. விற்கும்போது வாங்குபவரின் நம்பரிலேயே அக்கவுண்டைத் திறந்து, அவர் சொல்லும் பாஸ்வேர்டைப் போட்டு, பில்லோடு சேர்த்து எழுதிக் கொடுங்கள். சர்வீஸுக்கு வாங்கும் தாளைத் தமிழில் அச்சடியுங்கள். இந்த ஜிமெயில் பாஸ்வேர்டு தெரியுமா, வாட்ஸ்ஆப் பேக்கப் தேதி என்ன, டவுன்லோடில் இருப்பதை எடுத்துவிட்டீர்களா என்று அதில் கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் ஒரு நாள் அவகாசம் கொடுத்துத் திருப்பி அனுப்புங்கள். படிக்கத் தெரியாதவர் வந்தால், அந்தத் தாளை வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகு கையெழுத்து வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை நடத்தும் வாசகி,
கல்மண்டபம், ராயபுரம், சென்னை.