ஹாங்காங் கல்லறைகள்: மணிக்கு ஒரு கடிதம்

அன்பு மணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஹாங்காங் போகிறவன் கடைத்தெருவை விட்டுவிட்டுக் கல்லறைகளைப் பார்க்கப் போகிறேன் என்கிறாய். நீ மாறவே இல்லை. ஆனால் தேதியைப் பார்த்து வை. ஏப்ரல் 4 அல்லது 5இல் சிங் மிங் வரும், சீனர்கள் முன்னோர் கல்லறையைச் சுத்தம் செய்து வணங்கும் நாள். அன்று பெரிய கல்லறைகள் உள்ள வோ ஹாப் ஷெக், சாய் வான், அபர்டீன் பக்கம் சாலைகளை அடைத்துவிடுவார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நடந்துதான் மலை ஏறவேண்டும். சடங்கு பார்க்க வேண்டுமானால் அன்றே போ. கல்லில் வெட்டியிருப்பதைப் படிக்க வேண்டுமானால் இரண்டு வாரம் தள்ளிப் போ.

ஹேப்பி வேலியில் தொடங்கு. டிராமே அங்கே கொண்டுபோய் விடும். வோங் நாய் சுங் சாலையில், குதிரைப் பந்தயத் திடலுக்கு எதிர்ச் சரிவில், முஸ்லிம் மையவாடி, கத்தோலிக்கக் கல்லறை, 1845இல் தொடங்கிய பழைய காலனியக் கல்லறை மூன்றும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. பார்சிகளுக்கும் இந்துக்களுக்கும் அதே பக்கத்தில் தனி இடம் உண்டு. அந்தப் பள்ளத்தாக்கு முன்பு சதுப்பு. 1840களில் அங்கே தங்கிய பிரிட்டிஷ் சிப்பாய்கள் காய்ச்சலில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். சதுப்பை வடித்துப் பந்தயத் திடல் போட்டார்கள். செத்தவர்கள் சரிவில் கிடக்கிறார்கள். பெயர் என்னவோ மகிழ்ச்சிப் பள்ளத்தாக்கு!

கத்தோலிக்க வாசலின் இரு பக்கமும் சீன எழுத்தில் ஈரடி ஒன்று இருக்கும். 'இன்று என் உடல் மண்ணுக்குத் திரும்பியது, நாளை உன் உடலும் அப்படியே' என்பது பொருள். பந்தயத்தில் தோற்று வெளியே வருகிறவன் கண்ணில் முதலில் படுவது இதுதான். காலனியக் கல்லறையில் 6348ஆம் எண்ணைத் தேடு. உடைந்த தூண் போன்ற கல், அதில் பெயர் கிடையாது. அப்போது சீனாவை ஆண்ட சிங் வம்ச அரசின் ஆட்கள் 1901 ஜனவரியில் சுட்டுக்கொன்ற புரட்சியாளர் யூங் கூ-வானின் கல்லறை அது. பார்சி இடத்தில் இருப்பவர் ஹோர்முஸ்ஜி நவ்ரோஜி மோடி, ஹாங்காங் பல்கலைக்கழகக் கட்டடத்துக்குப் பணம் கொடுத்தவர். பார்சிகள் சடலத்தைக் கழுகுகளுக்கு விடும் கோபுரமான தக்மா இங்கே இல்லை, அதனால் அவர்களும் புதைக்கத்தான் செய்கிறார்கள்.

அடுத்து, ஆறு வருடத்தில் கல்லறையைத் தோண்டிவிடுவார்களாமே என்று கேட்டாயே, அந்த விஷயம். அரசுப் பொதுக் கல்லறையில் பெட்டியோடு புதைத்தால் அந்த இடம் ஆறு வருடத்துக்குத்தான். அதற்குள் குடும்பம் தோண்டி எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அரசே தோண்டி, எரித்து, சாம்பலை ஷா லிங் பொதுக்குழியில் சேர்த்துவிடும். இட நெருக்கடிதான் காரணம் என்றாலும், தோண்டுவது அவர்களுக்குப் புதிதல்ல. தென்சீனத்தில் இரண்டு முறை அடக்கம் செய்வது பழைய வழக்கம். எலும்பு பொறுக்குவதற்கென்றே தொழிலாளிகள் உண்டு. மண்ணைத் துடைத்து, வெயிலில் காயவைத்து, 'கம் தாப்' என்கிற முழங்கால் உயர மண்சாடியில் அடுக்குவார்கள். பாத எலும்பு அடியில், அதன்மேல் கால், இடுப்பு, முதுகு, உச்சியில் மண்டையோடு. செத்தவர் உட்கார்ந்திருப்பதாகக் கணக்கு. வரிசை மாறினால் உறவினர் சும்மா இருக்கமாட்டார்கள். பெரிய தொல்லை வேறு: ஈரக் களிமண், கனமான பெட்டி, உள்ளே செயற்கை நூல் துணி, இவை சேர்ந்தால் ஆறு வருடத்திலும் சதை முழுக்கக் கரையாது. அப்போது நேரே தகனத்துக்குத்தான்.

இப்போது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முதலிலேயே எரித்துவிடுகிறார்கள். நெருக்கடி நிலத்திலிருந்து, சாம்பலை வைக்கும் சுவர் மாடத்துக்கு நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். அரசு புதிதாகக் கொடுக்கும் மாடமும் 20 வருடத்துக்கே. பிறகு பத்துப் பத்து வருடமாக நீட்டிக்க வேண்டும். கடலில் கரைப்பவர்களுக்கு அரசே இலவசப் படகு விடுகிறது.

போக் ஃபு லாமில் துங் வா சவப்பெட்டி இல்லம் இருக்கிறது. என்னைக் கேட்டால் ஊரிலேயே முக்கியமான இடம் இதுதான். அந்தக் காலத்தில் சான் பிரான்சிஸ்கோ போன்ற ஊர்களில் இறந்த சீனர்களின் பெட்டியும் எலும்பும் கப்பலில் வந்து, சொந்தக் கிராமத்துக்குப் போகும்வரை இங்கே காத்திருந்தன. இல்லம் 1899இல் இந்த இடத்துக்கு வந்தது. உரியவர் வராமல் தங்கிப்போனவையும் உண்டு. முன்அனுமதி கேட்டுவிட்டுப் போ.

சிங் மிங்கன்றே போவதானால் சடங்கின் வரிசையைக் கவனி. முதலில் புல் வெட்டுவார்கள். பிறகு கல்லெழுத்தில் சிவப்பு மை பூசி, மேலே காகிதம் வைத்து அது பறக்காமல் கல் ஏற்றுவார்கள். ஊதுபத்தி, மது, பழம், வறுத்த பன்றி. கடைசியில் செத்தவர்களுக்கென்று அச்சடித்த போலிக் காகிதப் பணத்தை எரிப்பார்கள். தகரத் தொட்டியில் எரித்துத் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் மலைப்புல் பற்றிக்கொள்ளும். இலையுதிர் காலத்தில் மறுபடி கல்லறைக்குப் போகும் சுங் யூங் நாளில் புல் இன்னும் காய்ந்திருக்கும், ஆபத்தும் கூடுதல்.

பழைய கல்லறைப் படிகளில் பாசி. மழை பெய்த மறுநாள் ஏறாதே. செருப்பு வேண்டாம், நல்ல பிடிப்புள்ள ஷூ போட்டுக்கொள். கொசு மருந்தை மறக்காதே.

போய் வந்ததும் 6348 எப்படி இருக்கிறது என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்