சுவரைத் தட்டிப் பார்த்துச் சொன்ன கோத்தகிரி கொத்தனார் ஐயாவுக்கு நன்றி

பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டீர்கள் ஐயா. எங்கள் முதல் வீட்டின் ஈரம் பூத்த சுவர் இன்று காய்ந்து நிற்கிறது என்றால் நீங்கள் சொன்ன வேலைமுறைதான் காரணம். மலையில் புதிதாகக் குடிவருபவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறோம்.

பெயின்ட் டப்பாவை முதலில் தொடாதீர்கள். ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் அறைப்பக்கம் வியர்த்தால் அது காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து, பீரோவை நாலு விரல் தள்ளிப் போட்டாலே பெரும்பாலும் குறையும். தாளுக்குப் பின்னால் நனைந்திருந்தால் தண்ணீர் சுவருக்குள் இருக்கிறது.

சரிவு வீடுகளில் அதற்குக் காரணம் அநேகமாகப் பின்பக்கம் குவிந்த மண்தான். வீட்டுத் தரைமட்டத்துக்கு அரை அடி கீழே வரை அதை வெட்டி இறக்கி, வாய்க்கால் எடுக்க வேண்டும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி மழை பலமாக அடிக்கும், அதற்குள் முடித்துவிடுங்கள்.

உள்ளே, ஈரக்கறைக்கு மேலே ஓரடி வரை பூச்சைக் கொத்தி எடுத்து, சுவர் உலர விடுங்கள். பழைய சுண்ணாம்புக் கட்டுக்குச் சிமென்ட் பூசவே கூடாது. ஈரம் வெளியேற வழியின்றி உப்பு பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். புதுப் பூச்சுக்குச் சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று. ஒரு தடவை பூசும்போது 10 மி.மீ.க்கு மேல் வேண்டாம், கனமானால் வெடிக்கும். ஈரச்சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரம் மெல்லக் காயவிடுங்கள். மேலே வெள்ளையடித்தால் போதும், பிளாஸ்டிக் எமல்ஷன் பெயின்ட் வேண்டாம்.

ஐயா, கூலியும் வாங்கவில்லை நீங்கள். அந்தப் பக்கம் வந்தால் அவசியம் வீட்டுக்கு வாருங்கள்.