ராஜுவின் சீசாவைக் கீழே வை

அன்புள்ள சேகர்,

மூன்று மாதமாக எழுதாததற்குத் திட்டு, ஆனால் அப்புறம் திட்டு. மெட்ராஸ் ஐ வந்த செய்திக்கு ஒரு வரி, கறுப்புக் கண்ணாடியில் நீ எப்படி இருக்கிறாய் என்பதற்குப் பத்து வரி! அது கண் கூச்சத்துக்குத்தான் உதவும். உன்னைப் பார்த்து யாருக்கும் ஒட்டாது. கண்ணைத் தொட்ட கையால்தான் ஒட்டும்.

ஒரு கண்ணில் தொடங்கி இரண்டு நாளில் மறு கண், தண்ணீராக வடிதல், மணல் விழுந்தாற்போல் உறுத்தல், அதற்கு முன் தொண்டை வலி: வைரஸ் மாதிரிதான் இருக்கிறது. காதுக்கு முன்னால் அழுத்திப் பார். நெறி கட்டியிருந்தால் வைரஸ் என்ற சந்தேகம் இன்னும் வலுக்கும். துடைக்கத் துடைக்கக் கெட்டியாக மஞ்சள் பீளை ஊறினால் பாக்டீரியா, ஆன்டிபயாட்டிக் அதற்குத்தான். இரண்டு கண்ணும் அரித்துப் பிடுங்கினால் அலர்ஜி.

என் கவலை வேறு. ராஜு மிச்சம் வைத்த சொட்டு மருந்தில் "அரை நாளில் சிவப்பு இறங்கியது" என்கிறாயே, சீசாவைத் திருப்பிப் படித்தாயா? டெக்ஸாமெதசோன், பிரெட்னிசோலோன், லோட்டிபிரெட்னால் என்று இருந்தால் ஸ்டீராய்டு. சிவப்பு அடங்கும், வைரஸ் அடங்காது. கண்ணில் இன்னும் சில நாள் கூடுதலாகக் குடியிருக்கும். அந்த வைரஸ் ஹெர்பிஸ் வகையாக இருந்துவிட்டால் கருவிழியில் புண் பரவிப் பார்வையே போகலாம். வாரக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண் அழுத்தமும் ஏறும். கருவிழியில் படலம் விழுந்தால் டாக்டரே ஸ்டீராய்டு எழுதுவார்தான், ஆனால் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு. ராஜு எதில் வைத்துப் பார்த்தான்? நாளைக்கே கண் டாக்டரிடம் போ, சீசாவையும் எடுத்துப் போ.

மற்றபடி வைத்தியம் சின்னதுதான். கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து, மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு. அந்தப் பஞ்சு குப்பைக்கு. குளிர்ந்த துணி பத்து நிமிடம். கண்ணுக்கு ஈரம் தரும் 0.5 சதவீதக் கார்பாக்ஸிமெத்தில்செல்லுலோஸ் சொட்டு நாளைக்கு நாலு தடவை. ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் இதமாக இருக்கும். சீசா மூக்கு இமையில் பட்டால் சீசாவுக்கும் தொற்று வந்துவிடும். மெட்ராஸ் ஐயைப் பெரும்பாலும் கொண்டுவரும் அடினோவைரஸ் சானிடைசருக்கு லேசில் மசியாது. சோப்பு போட்டு 20 விநாடி கழுவு. துண்டு, தலையணை உறை தனி. நாலைந்து நாள் ஏறத்தான் செய்யும், அடங்க இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். கமலா அக்கா கண்ணில் பிழிய நந்தியாவட்டைப் பூவோடு வருவாள். சாமி படத்துக்கு வைக்கச் சொல்.

கண்ணுக்குள் வலித்தாலோ, வெளிச்சத்தில் திறக்கவே முடியாவிட்டாலோ, சிமிட்டியும் மங்கல் தெளியாவிட்டாலோ நாளை வரை காத்திருக்காதே. உன் மகள் காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவள். அவளுக்குக் கண் சிவந்தால் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே காட்டட்டும்.

சீசாவில் என்ன பெயர் இருக்கிறது என்று இன்று ராத்திரியே போன் பண்ணிச் சொல்.

உன்,
மணி