கரியை மண்ணால் மூடாதீர்கள்

மஸ்கட்டிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் நக்ஹல் வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டமாக வரும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் நண்பர் குழுக்களுக்கும்,

வணக்கம். ஐன் தவாரா என்ற அந்த ஊற்றை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பேரீச்சந்தோப்பு, அதற்குப் பின்னால் மொட்டை மலை, அதன் அடியில் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாக ஓடும் தண்ணீர், காலை நீட்டினால் மொய்க்கும் குட்டி மீன்கள் எல்லாம் நீங்கள் அறிந்தவை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. என் நான்கு வயது மகன் தண்ணீரிலிருந்து ஏறித் துண்டுக்காக என்னை நோக்கி ஓடி வந்தான். கூழாங்கற்களுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் மண் புதிதாகக் குவிந்திருந்தது. அதன்மேல் கால் வைத்தவன் அலறினான். கோழி சுட்ட கரியை அணைக்காமல், மேலே மண்ணைத் தள்ளிவிட்டு யாரோ கிளம்பிப் போயிருக்கிறார்கள். நீறு பூத்த நெருப்பு என்று பேச்சுக்குச் சொல்வோம். அதை என் பிள்ளை வெறுங்காலால் மிதித்தான்.

தீப்புண்ணில் குளிர்ந்த தண்ணீரை விட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஐந்தடியில் ஓடை ஓடுகிறது, அதுவோ வெந்நீர். எங்களிடம் இருந்த இரண்டு பாட்டில் குடிதண்ணீரும் நொடியில் தீர்ந்தது. பக்கத்துத் தோப்பிலிருந்து ஓடிவந்த ஓமானியப் பெரியவர் தன் வண்டியிலிருந்த குளிர்பெட்டியைத் தூக்கிவந்தார். குழந்தையின் காலைத் தன் வெள்ளை அங்கியின்மேல் வைத்துக்கொண்டு பாட்டில் பாட்டிலாகத் திறந்து ஊற்றினார். பாதம் முழுக்கக் கொப்புளம். இன்றுவரை அவன் அந்தக் குதிகாலை ஊன்றுவதில்லை.

பெரியவர் அந்தக் குவியலைக் குச்சியால் கிளறியபோது பாதி எரிந்த மசாலா உறை ஒன்று வெளியே வந்தது. அதில் இருந்தது தமிழ் எழுத்து. அவரால் அதைப் படிக்க முடியாது. நான் படித்தேன். அதனால்தான் இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன்.

கரியை மண்ணால் மூடாதீர்கள். மண்ணுக்கு அடியில் கரி அணையாது. மணிக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும், கண்ணுக்கும் தெரியாது. திறந்து கிடக்கும் தணலைக் கண்டால் குழந்தைகூட விலகிப் போகும். மூடிய தணலைக் கண்டு எப்படி விலகும்? பக்கத்திலேயே ஓடை இருக்கிறது. நான்கு வாளி மொண்டு ஊற்ற என்ன கஷ்டம்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று மேல்பக்கம் சிலர் ஷாம்பூ போட்டுத் தலை குளித்துக்கொண்டிருந்தார்கள். நுரை எங்களைத் தாண்டி மிதந்துபோனது. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருவராவது யோசித்தோமா? மலைமேல் பெய்த மழை பாறை இடுக்குகளில் ஆழமாக இறங்கி, சூடேறி, இங்கே மேலே வருகிறது. பிறகு ஃபலஜ் கால்வாய் வழியாகத் தோப்புகளுக்குப் பாய்கிறது. தலைமுறை தலைமுறையாக நேரம் பிரித்து, முறை வைத்து இந்த ஊர்க்காரர்கள் பாய்ச்சும் தண்ணீர் அது. ஓமானின் ஐந்து ஃபலஜ்களை 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் ஒன்று பக்கத்து ருஸ்தாக்கில் இருக்கிறது. முறைப்பாசனம் என்றால் என்னவென்று நமக்குத் தெரியாதா? நாமும் வாய்க்கால் தண்ணீருக்கு மடை திறக்கக் காத்திருந்தவர்களின் பிள்ளைகள்தானே! குற்றாலத்தில் சோப்புக்குத் தடை என்றால் சரிதான் என்று தலையாட்டுகிறோம். இங்கே பலகை வைத்தால்தான் புரியுமா?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். அடுத்த முறை கிளம்பும்போது வண்டியில் ஒரு தகர வாளி வையுங்கள். சமையல் முடிந்ததும் கரிமேல் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை அருகில் கொண்டுபோனால் சூடே தெரியக் கூடாது. பிறகு அந்தக் கரியை வாளியில் அள்ளி எடுத்துப் போய்விடுங்கள். தயவுசெய்து மண்ணால் மூடாதீர்கள்.

அந்த மசாலா உறைக்கு உரியவர்கள் இதைப் படித்தால், உங்கள் பெயர் எனக்கு வேண்டாம். அந்த வாளியை நீங்கள் வாங்கிவிட்டால் போதும்.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி,
மஸ்கட்