டெலோமியர் குறைந்தால் நம் குற்றமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோமின் நுனிதான் டெலோமியர். அதன் நீளத்தை அளந்து உடலின் ‘உண்மையான வயது’ சொல்வது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். டெலோமியரைப் பற்றித் தமிழில் நாலு பக்கம் வந்ததே சந்தோஷம்தான். ஆனால் டெலோமியர் குட்டையாக இருந்தால் அவர் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, கவலைப்பட்டே காலம் கழித்தார் என்று கட்டுரை தீர்ப்பு எழுதிவிட்டது. மரபணுவையும் நோய்த்தொற்றையும் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த இரண்டையும் விட்டுவிட்டால் இந்த விஷயத்தில் பாதிக்கு மேல் போய்விடும்.

முந்தானை நூல் பிரியாமலிருக்க நுனியில் குஞ்சம் முடிகிறோம் இல்லையா, குரோமோசோமுக்கு டெலோமியர் செய்வது அந்த வேலைதான். செல் பிரியும்போதெல்லாம் அதில் கொஞ்சம் குறையும். டெலோமியர் குரோமோசோமைக் காப்பதையும், குறைந்ததை நீட்டும் டெலோமரேஸ் நொதியையும் கண்டறிந்ததற்காக பிளாக்பர்ன், கிரெய்டர், ஷோஸ்டாக் மூவருக்கும் 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. கட்டுரை அந்தப் பரிசைக் காட்டியே, ரத்தத்தில் டெலோமியர் நீளத்தை அளக்கும் பரிசோதனைக்கும் அதை நீட்டுவதாகச் சொல்லும் மாத்திரைக்கும் நற்சான்று வாங்கப் பார்க்கிறது. பரிசு கொடுத்தது மாத்திரைக்கு இல்லை.

முதலில் மரபு. இரட்டையர்களையும் குடும்பங்களையும் வைத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், ஆளுக்கு ஆள் டெலோமியர் நீளம் வேறுபடுவதில் சுமார் 70 சதவீதம் மரபு வழி வருவதாகத் தெரிகிறது. என் டெலோமியரில் 70 சதவீதம் அப்பா அம்மா கொடுத்தது என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் வித்தியாசத்தைப் பற்றிய கணக்கு இது. இன்னொரு வேடிக்கை: ஆண்களுக்கு வயது ஏற ஏற விந்தணுவில் டெலோமியர் நீளமாகிறது. அதனால் தகப்பனாருக்கு வயதான பிறகு பிறந்த பிள்ளைகளுக்குச் சராசரியில் டெலோமியர் கொஞ்சம் நீளம். வீட்டுக் கடைக்குட்டி காலையில் ஏற்காடு மலையில் ஓடியா அதைச் சம்பாதித்தான்?

அப்புறம் நோய்த்தொற்று. கிருமி நுழைந்ததும் அதை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் மளமளவென்று பெருகுகின்றன. பெருக்கம் என்றால் பிரிதல்தான், பிரிந்தால் நுனி தேயும். சைட்டோமெகலோவைரஸ் என்று ஒன்று உண்டு. நம்மில் பெரும்பாலோர் உடம்பில் சின்ன வயதிலேயே புகுந்து, வெளியே தெரியாமல் ஆயுசுக்கும் தங்கிவிடும். அதை அடக்கி வைப்பதற்கென்றே டி செல் என்ற வெள்ளையணுப் படை ஒன்று வேலை செய்துகொண்டே இருக்கிறது. அந்தச் செல்களில் டெலோமியர் குட்டையாக இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. எச்.ஐ.வி.யிலும் அப்படித்தான்.

எனக்குப் பிடித்த ஆய்வு பறவையில் நடந்தது. குளிர்காலத்தில் சேலம் மூக்கனேரிக்குப் பறவை பார்க்கப் போகிறவர்களுக்குக் கதிர்க்குருவிகள் பழக்கம். அந்த வகையைச் சேர்ந்த பெரிய நாணல் கதிர்க்குருவி கோடையில் ஸ்வீடனில் கூடு கட்டும், குளிருக்கு ஆப்பிரிக்கா போகும். அதற்கும் ஒரு மலேரியா உண்டு. காய்ச்சல் தணிந்த பிறகும் கிருமி லேசாக ரத்தத்தில் தங்கிவிடும். பறவை பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் அப்படிப்பட்ட பறவைகளுக்கு ஆயுள் குறைவு, குஞ்சும் குறைவு. அதற்கு டெலோமியர் வேகமாகத் தேய்வதுதான் வழி என்று தெரிகிறது என ஆய்வாளர்கள் 2015இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். பிறகு, வெளிநாடு போய் ஃபால்சிபாரம் என்ற வகை மலேரியாவோடு ஸ்வீடன் திரும்பிய மனிதர்களை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். நோய் வந்த சில மாதங்களில் ரத்த அணுக்களின் டெலோமியர் குறைந்தது. சிகிச்சை முடிந்து ஒரு வருடத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பியது.

அதாவது காய்ச்சல் வந்துபோன சில வாரங்களில் ஒருவர் இந்தப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தால், ‘உங்களுக்கு வயது கூடிவிட்டது’ என்று தாளில் அச்சாகி வரலாம். காய்ச்சலைப் பற்றி அந்தத் தாளில் யார் எழுதப்போகிறார்கள்? எது முந்தி, எது பிந்தி என்பதிலும் சிக்கல் உண்டு. ஆரோக்கியமான 152 பேர் மூக்கில் சளி வைரஸைச் சொட்டாக விட்டு 2013இல் ஒரு சோதனை வெளியானது. வைரஸ் விடுவதற்கு முன்பே டெலோமியர் குட்டையாக இருந்தவர்களுக்குத்தான் தொற்று அதிகம் பிடித்தது. தொற்று டெலோமியரைக் குறைக்கிறது, குறைந்த டெலோமியர் தொற்றுக்கு வழி விடுகிறது, இரண்டும் நடக்கலாம். நீளமாக இருந்தால் நல்லது என்பதும் முழு உண்மை இல்லை. மரபிலேயே நீளமாக வாய்த்தவர்களுக்குச் சில புற்றுநோய்களின் வாய்ப்பு கூடுதல்.

பரிசோதனையே வீண் என்று சொல்லவரவில்லை. டெலோமரேஸ் மரபணுவில் பழுதோடு பிறந்து, எலும்பு மஜ்ஜை செயலிழந்தோ நுரையீரல் தழும்பேறியோ வருகிறவர்களுக்கு டாக்டர் இதை எழுதிக்கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. காசு கொடுத்தால் யாருக்கும் எடுத்துத் தருவோம் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

கட்டுரையாளர் நம் பக்கத்து வாசகர்களுக்கு எழுதியிருந்தால், தொற்றுக்குத் தொடங்கிய மருந்தைக் கடைசிவரை சாப்பிடுங்கள் என்று எழுதியிருக்கலாம். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிடுவது சேலத்திலும் உண்டு, மலைமேலும் உண்டு. வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை மலேரியா ஈரலில் ஒளிந்திருந்து திரும்ப வரும். அதற்குத்தான் 14 நாள் பிரைமாகுயின் மாத்திரை. காச நோய்க்கு வழக்கமான சிகிச்சை 6 மாதம். அரசு மருத்துவமனையில் இதெல்லாம் இலவசம்.

கடைசியாக ஒரு கேள்வி. அந்தக் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்திலேயே டெலோமியர் மாத்திரைக்கு முழுப்பக்க விளம்பரம் வந்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டது யார் என்று அடுத்த இதழில் சொல்வீர்களா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்