ஒத்திக்கு விட்ட வீடும் வங்கி நோட்டீசும்

ஆசிரியர் அவர்களுக்கு,

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வங்கிக் கடனில் வீடு கட்டி வாடகைக்கு விட்டவர்கள், வீடு சில மாதம் பூட்டிக் கிடந்தாலே தவணையில் தடுமாறுகிறார்கள். அப்போது வங்கிக்குப் போகாமல் ஒதுங்குவதுதான் பெரிய தவறு.

பாக்கி 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடன். பிறகு ஒரு தவணை கட்டினால் போதாது. பாக்கி முழுவதும் தீர்ந்தால்தான் பழைய நிலைக்குத் திரும்பும். ஆகவே அதற்கு முன்பே தவணையைத் திருத்தியமைக்க எழுத்தில் கேளுங்கள். வாடகை ஒப்பந்தம், பாஸ்புக் நகல் இணைத்து, ஒப்புகை வாங்குங்கள். அபராதக் கட்டணத்துக்கும் வட்டி ஏறியிருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். ரிசர்வ் வங்கி அதை அனுமதிப்பதில்லை.

அடமான வீட்டை வங்கியே எடுத்து விற்க வழிசெய்வது 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம். அதன் 13(2) பிரிவில் நோட்டீஸ் வந்தால் கடனை அடைக்க 60 நாள் அவகாசம். ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால், ஏற்காத காரணத்தை வங்கி 15 நாளுக்குள் சொல்லியாக வேண்டும். பலர் வாய்ப்பேச்சோடு விட்டு இந்த உரிமையை இழக்கிறார்கள்.

நோட்டீஸ் வந்தபின், ஒத்திப் பணம் வாங்கிப் பாக்கியை அடைக்கலாம் என்று நம் பகுதியில் நினைப்பதுண்டு. வங்கியின் எழுத்துச் சம்மதமின்றி அப்படிச் செய்யக் கூடாது. ஒத்திக்கு வந்த குடும்பத்தின் பணமும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். அது பெரும் பாவம்.

வங்கி சுவாதீனம் எடுத்தால் 45 நாளுக்குள் மதுரை கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். மொத்தக் கடனையும் செலவையும் கட்டி வீட்டை மீட்பதென்றால், ஏல அறிவிப்பு வெளியாகும் முன்பே கட்டிவிட வேண்டும்.

- வாசகர், காரைக்குடி