இளம் முதுமை நோய் பற்றிய கூட்டத்துக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

திருவையாற்றுக்கு அருகே எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில், பிஞ்சு வயதிலேயே முதுமை பற்றிக்கொள்ளும் அரிய நோய்களைக் குறித்து நடந்த கூட்டம் நல்லபடியாக நிறைவேறியது. இடம் தந்த நூலகர் அம்மையாருக்கும், சம்பா நடவுக்கு நடுவிலும் வந்திருந்த பெரியவர்களுக்கும், தஞ்சாவூரிலிருந்து பேருந்தில் வந்து பேசிய ஓய்வுபெற்ற மருத்துவர் ஐயாவுக்கும் மனமார்ந்த நன்றி.

அவற்றுள் ஒன்றான, குழந்தைகளுக்கு வரும் புரோஜீரியா ஏறத்தாழ 40 லட்சம் பிறப்புகளில் ஒன்றில் காணப்படுவது. சிகிச்சை இல்லையெனில் அக்குழந்தைகள் சராசரியாக 14, 15 வயதில், பெரும்பாலும் இதயநோயால் இறந்துவிடுகின்றனர். இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்டவர்களுக்காக, மருத்துவர் கரும்பலகையில் நலமான, வட்டமான உயிரணுக் கரு ஒன்றை வரைந்து, பக்கத்திலேயே இந்நோயால் அங்கங்கே புடைத்து மடிந்த இன்னொன்றையும் வரைந்தார். எல்எம்என்ஏ மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறுவதால் புரோஜெரின் என்னும் பழுதான புரதம் உண்டாகி உயிரணுக் கருவின் உறையைக் குலைக்கிறது என்பது 2003இல் தெரியவந்தது. நமக்குள்ள தொடர்பு இதுதான்: அதே புரதம் நோயற்றவர்களின் உயிரணுக்களிலும் மிகச் சிறிய அளவில் உண்டாவது 2006இல் கண்டறியப்பட்டது.

இக்குழந்தைகள் பலருக்குக் கொலஸ்ட்ரால் அளவாக இருந்தும், குழாய்ச் சுவரின் தசை உயிரணுக்கள் மடிவதால் இரத்தக்குழாய் இறுகிப்போகிறது என்று அவர் சொன்னபோது, முன்வரிசை விவசாயி ஒருவர், "தண்ணியில கோளாறு இல்ல, கரைதான் இத்துப்போச்சுங்கிறீங்களா?" என்று கேட்டார். அந்தப் பெரியவருக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். கொழுப்பைக் கட்டுக்குள் வைப்பது அவசியமே என்றாலும், சுவரே மூப்படைவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் கேட்ட பிறகே அவையில் எல்லோருக்கும் தெளிவாயிற்று.

இக்குழந்தைகளுக்கு மறதிநோய் வருவதில்லை. கண்புரையும் பொதுவாக வருவதில்லை. டபிள்யூஆர்என் என்னும் வேறொரு மரபணு பழுதாவதால் பெரியவர்களுக்கு வரும் இளம் முதுமை நோயான வெர்னர் நோயிலோ கண்புரை, சர்க்கரைநோய், புற்றுநோய் எல்லாம் நடுவயதுக்குள் வந்துவிடுகின்றன. ஆகவே முதுமை ஒரே கடிகாரத்தில் ஓடுவதில்லை என்பதே அன்று கேட்டவற்றுள் பெரிய செய்தி என்று நான் கருதுகிறேன்.

தங்கள் குழந்தைகளின் இரத்தத்தையும் தோல் திசுவையும் ஆய்வுக்கு மனமுவந்து அளித்த, நாம் அறியாத பெற்றோர்களுக்கும் இம்மடலில் நன்றி சொல்லாமல் இருக்க இயலவில்லை. புரோஜீரியாவுக்கென 2020இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற லோனாஃபார்னிப் மருந்து, குணமாக்காவிடினும் ஆயுளை நீட்டித் தருவது அவர்களது கொடையால்தான்.

மருத்துவரின் குறிப்புகளை மாணவர்கள் படியெடுத்து நூலக வாசிப்பு அறையில் வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கும் நன்றி.

அன்புடன்,
கூட்ட ஏற்பாட்டாளர்